ஆட்சேபணை இல்லை என்ற கட்டம்

விண்ணப்பப் பாரம் நிரப்புவதில் எங்கள் தோட்டத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு காலத்தில் இதை நானே நாலு பேரிடம் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். இப்போது யாராவது அதைச் சொல்லிப் பாராட்டினால் எழுந்து போய்விடலாம் போலிருக்கிறது.

சுங்கை சிப்புட்டுக்கு வெளியே இருந்த ரப்பர் தோட்டம் அது. அப்பா, அம்மா இரண்டு பேரும் பால் வெட்டியவர்கள். நான் இடைநிலைப் பள்ளிக்குப் போய் மலாய் ஒழுங்காக எழுதக் கற்றுக்கொண்டதும் லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகள் அத்தனைக்கும் எழுத்தராகிவிட்டேன். ஐசி என்கிற அடையாள அட்டை தொலைந்தால் நான், பாடப்புத்தக உதவிக்கு நான், விதவைகளுக்கான உதவிக்கு நான், மலிவு வீட்டு மனுவுக்கும் நான். எழுதி எழுதி ஒரு சூட்சுமம் பிடிபட்டது. எந்தக் கேள்வியாக இருந்தாலும் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவருக்குப் பிடித்த பதில் ஒன்று இருக்கும். அதை எழுதினால் பாரம் ஓடும். காலியாக விட்டால் திரும்பி வரும். குறை சொல்லி எழுதினால் கட்டுக்கு அடியில் போய்விடும். ஆகவே யாருக்கு எந்தக் குறை இருந்தாலும் நான் அதைப் பூசி மெழுகிவிடுவேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுப்பேன். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. அதை எனக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணமாகி புந்தோங்குக்கு வந்தேன். ஈப்போவில் ஒரு தனியார் கிளினிக்கில் முன்மேசைக் குமாஸ்தாவாகப் பல வருடம் இருந்தேன். பெருந்தொற்று ஓய்ந்ததும் டாக்டர் வயதைக் காரணம் சொல்லிக் கிளினிக்கை மூடிவிட்டார். சில மாதம் வீட்டிலேயே கிடந்தேன். வீட்டில் கிடப்பது எனக்கு ஒத்துவராது. பாத்திரங்களோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில்தான் தெரிந்தவர் ஒருவர் வழியாக அந்த வேலை வந்தது. ஓர் ஆலோசனை நிறுவனத்துக்கு, வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க, தமிழும் மலாயும் தெரிந்த ஆள் வேண்டுமாம். எந்த இடம் என்று கேட்டேன். எங்கள் தோட்டத்தின் பெயரையே சொன்னார்கள்.

ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்து வருடங்கள் ஆகியிருந்தன. செம்பனைக்கும் சாலைக்கும் நடுவில் ஒரு வரிசை லயம் மட்டும் இடிபடாமல் நின்றது. தருவதாகச் சொன்ன மலிவு வீடு கிடைக்கும்வரை போகமாட்டோம் என்று பழைய ஆட்கள் அதில் இருந்தார்கள். அந்த வரிசைக்குப் பின்னால்தான் தொழிற்சாலை வரப்போகிறது. பழைய டயர்களை உலையில் போட்டுச் சூடாக்கி எண்ணெய் எடுக்கிற தொழிற்சாலை.

வேலையை விளக்க வந்த மேற்பார்வையாளர் நல்ல மனிதர். அதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். இந்த மாதிரித் தொழிற்சாலைக்குக் காற்றில் புகைவிட அனுமதி வேண்டும், அனுமதி கொடுப்பதற்கு முன்னால் பக்கத்தில் குடியிருப்பவர்களின் கருத்தைக் கேட்டு அறிக்கையில் சேர்க்கவேண்டும், அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள், அதன்பிறகுதான் அரசாங்கம் முடிவு செய்யும் என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு மலாயில் ஒன்று சொன்னார்: "அக்கா, நீங்கள் வழிகாட்ட வேண்டாம். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதினால் போதும்." சரி என்று தலையாட்டினேன். அந்த ஒரு வாக்கியத்தின்படி நடந்திருந்தால் இதை உட்கார்ந்து எழுதவேண்டிய அவசியம் எனக்கு வந்திருக்காது.

லயத்தில் என்னைக் கண்டதும் ஒரே சந்தோஷம். "பாரம் எழுதுற பாப்பா வந்திருக்கு" என்று முதல் வீட்டிலிருந்து கடைசி வீடுவரை செய்தி போய்விட்டது. தலை நரைத்த எனக்குத்தான் இந்தப் பாப்பா பட்டம். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே ஆளுக்கொரு ஐசி, அதன் நகல், மின்சார பில் என்று கையில் எடுத்து வைத்துக்கொண்டார்கள். தாளைப் பார்த்தால் எங்கள் ஆட்களுக்குக் கை தானாக ஐசியைத் தேடும்.

"வீட்டு மனுவுக்கா?" என்று கேட்டார் ஒரு அண்ணன்.

"இல்லண்ணே. பின்னால ஃபேக்டரி வருதுல்ல, அது உங்களுக்குச் சரியா, சரியில்லையான்னு கருத்து கேக்குறாங்க."

"நம்மளக் கேக்குறாங்களா?" என்று சிரித்தார். அவர் மனைவியும் சிரித்தார். "நீயே பாத்து நல்லதாப் போட்டுக்க பாப்பா. ஒனக்குத் தெரியாததா?"

பேனாவை மூடி வைத்திருக்கவேண்டிய இடம் அது. இது உதவி கேட்கிற பாரமல்ல, இதில் நல்லது என்று ஒரு பதில் கிடையாது, உங்கள் வாயால் சொன்னால்தான் எழுதுவேன் என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. பேச்சுவாக்கில் அவர்கள் எல்லாவற்றையும் சொன்னார்கள். லாரி வந்தால் பிள்ளைகள் சாலையைக் கடப்பது எப்படி, மழைத்தண்ணீர் பிடிக்கிற தொட்டியில் கரி விழாதா, துணி எங்கே காயப்போடுவது. எல்லாவற்றுக்கும் "ஆமாலா, ஆமாலா" என்று தலையாட்டிவிட்டு, கை பழகிய வழியிலேயே போனது. கடைசிக் கேள்விக்கு மலாயில் மூன்று கட்டங்கள்: ஆதரிக்கிறேன், ஆட்சேபணை இல்லை, ஆட்சேபிக்கிறேன். நான் வீட்டுக்கு வீடு நடுக்கட்டத்தில் டிக் போட்டேன். ஆதரிக்கிறேன் என்பதில் போடவில்லை, அந்த அளவுக்கு எனக்கு மனசாட்சி இருக்கிறது என்று வேறு சொல்லிக்கொண்டேன். என்ன மனசாட்சியோ!

வரிசையின் கடைசி வீடு அக்காவுடையது. உறவில்லை. அம்மா பால் வெட்டிய மர நிரைக்குப் பக்கத்து நிரையில் பள்ளியை விட்ட கையோடு வெட்ட வந்தவர், என்னைவிடப் பத்து வயது பெரியவர். கணவர் இறந்து நாளாகிறது. பக்கத்து மலாய்ப் பள்ளியில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போகிறார். வெகுநாளாக அவருக்கு இழுப்பு உண்டு. மூச்சுக்கு அடிக்கிற பம்பு எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். எனக்கு மைலோ கலக்கி, பிஸ்கட்டைத் தட்டில் அடுக்கி, கிளினிக் மூடி இந்த வேலை கிடைத்த கதையைச் சொல்லிக்கொண்டே நான் குடித்து முடிக்கும்வரை ஒன்றும் கேட்கவில்லை. குடித்து முடித்ததும் கேட்டார்.

"அந்தப் பொகை எந்தப் பக்கம் போகும்?"

வரிசை முழுக்க அதைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். என் கையிலிருந்த விளக்கத் தாளைப் புரட்டினேன். "மேல போயிரும்கா. ஒசரமா சிம்னி கட்டுறாங்க."

அக்கா எழுந்து போய்ப் பின்வாசலில் நின்று கையை நீட்டிக் காட்டினார். "அந்த எடத்துலதானே நம்ம பழைய பொகைவீடு இருந்துச்சு. சீட்டு காயவைக்க வெறகு போட்டா, காலைல பொகை நேரா இங்கதான் வரும். எங்கம்மா துணியெல்லாம் உள்ளதான் காயப்போடும். மேல போனத நான் பாத்ததே இல்ல பாப்பா."

ரப்பர் சீட்டுகளைப் புகைபோட்டுக் காயவைக்கும் அந்தக் கட்டடம் எனக்கும் நினைவிருந்தது. அதன் வாடை படிந்த சட்டையோடுதான் நான் பள்ளிக்கூடம் போனேன். அக்கா சொன்னது அத்தனையும் உண்மை என்று எனக்குத் தெரியும். பாரத்தில் 'மற்ற கருத்துகள்' என்று மூன்று வரி விட்டிருந்தார்கள். அதற்காகத்தான் விட்டிருந்தார்கள்.

"எனக்கு வேணாம்னு போட்டுரு. இந்த இழுப்ப வச்சிக்கிட்டு முடியாதுலா" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? குரலைத் தாழ்த்தி, பெரிய விவரஸ்தி மாதிரி சொன்னேன்: "வேணாங்கா. உங்க வீட்டு மனு ஆபீஸ்ல கெடக்கு. எதுப்புன்னு பேரு போச்சுன்னா மனு அடியில போயிரும். பின்னால கஷ்டம்."

அப்படி எனக்கு யாரும் சொல்லவில்லை. மேற்பார்வையாளர் சொல்லவில்லை, தாளில் இல்லை, சட்டத்திலும் இருக்க நியாயமில்லை. இரண்டும் வேறு வேறு ஆபீஸ்கள். ஆனால் பள்ளிக்கூட வயதிலிருந்து என் கைக்குத் தெரிந்த ஒரே ஞானம் அதுதான். அதை நம்பித்தான் சொன்னேன். நம்பிச் சொன்னேன் என்பதால் குற்றம் குறைவதாக எனக்குத் தோன்றவில்லை.

அக்கா என்னைப் பார்த்தார். வாசலுக்கு வெளியே மேற்பார்வையாளர் கேமராவோடு நின்றுகொண்டிருந்தார். அவரையும் பார்த்தார். "சரி, நீ பாத்துப் போட்டுக்க" என்றார். நடுக்கட்டத்தில் டிக் போட்டேன். மற்ற கருத்துகள் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டார். மேற்பார்வையாளர் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

சில மாதம் கழித்து அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. ஈப்போ நூலகத்தில் இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். அக்கறை ஒன்றும் இல்லை, நான் செய்த வேலையை அச்சில் பார்க்கிற ஆசை. தலையணை கனத்தில் இருந்தது. காற்றைப் பற்றி ஒரு முழு அத்தியாயம். எங்கெங்கோ அளந்த காற்று, படங்கள், அட்டவணைகள். பழைய புகைவீட்டைப் பற்றி ஒரு சொல் கிடையாது. யார் சொல்லி அவர்களுக்குத் தெரியும்? எழுதவேண்டியவள் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்திருந்தாளே. குடியிருப்பாளர்கள் பகுதியில் ஒரே வரி: அருகிலுள்ள லயக் குடியிருப்பினருக்கு ஆட்சேபணை இல்லை. பின்னிணைப்பில் அந்தப் படம். படியில் அக்கா, பக்கத்தில் பேனாவும் கையுமாக நான். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அறிக்கைக்குப் பக்கத்தில் கருத்துப் பாரங்கள் அடுக்கி வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், இன்ன தேதிக்குள் அனுப்பவேண்டும். ஒன்றை எடுத்து உட்கார்ந்தேன். பெயர் எழுதினேன், ஐசி எண் எழுதினேன், முகவரி எழுதினேன். அதற்குமேல் கை ஓடவில்லை. கணக்கெடுப்பில் பதில்களை நானே போட்டேன் என்று எழுதவேண்டும். எழுதினால் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். பாகான் செராயில் ஓர் அரிசி ஆலை பக்கம் அடுத்த வேலை இருக்கிறது என்று அவர் அந்த வாரம்தான் சொல்லியிருந்தார். வீட்டில் போய் நிதானமாக எழுதலாம் என்று பாரத்தை மடித்துக் கைப்பையில் வைத்தேன். தேதி கடந்தது. பிறகு கைப்பை பழசாகிப் புதுசு வாங்கினேன். பழையதில் இருந்ததையெல்லாம் புதியதற்கு மாற்றும்போது அந்தப் பாரத்தையும் மாற்றினேன். தூக்கிப் போடவும் மனம் வரவில்லை.

பாகான் செராய் வேலைக்குப் போனேன். அங்கே வயலோரத்து வீடுகளில் ஒவ்வொருவர் சொன்னதையும் வார்த்தை பிசகாமல் எழுதினேன். உமி தூசியால் கண் எரிகிறது என்றார்கள், எழுதினேன். வேண்டாம் என்றார்கள், வேண்டாம் என்றே போட்டேன். இடம் போதாமல் பக்கத்து ஓரத்திலும் எழுதினேன். முன்பின் தெரியாதவர்களிடம் அவ்வளவு நேர்மை எனக்கு எங்கிருந்து வந்ததோ! அதை நினைத்தால்தான் எனக்கு என்மேல் அதிக ஆத்திரம் வருகிறது.

நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்துத் தொழிற்சாலை எழும்பியது. சிம்னியும் உயரமாகத்தான் கட்டினார்கள். சுங்கை சிப்புட் பக்கம் காலையில் போகும்போதெல்லாம் பஸ் கண்ணாடியை ஏற்றிக்கொள்வேன். ரப்பர் தீய்கிற நாற்றம் எனக்கு நன்றாகத் தெரியும். லயத்துச் சாலை வந்தால் தலையைத் திருப்பிக்கொள்வேன்.

போன வருடம் புந்தோங் கோவிலில் தோட்டத்து ஆள் ஒருவரைப் பார்த்தேன். அக்கா ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொன்னார். ஆரஞ்சுப் பழங்களோடு போனேன். மூக்கையும் வாயையும் மூடிய முகமூடி வழியாக மருந்துப் புகையை இழுத்துக்கொண்டிருந்தார் அக்கா. என்னைக் கண்டதும் மூடியை விலக்கினார். "ஒன்னுமில்ல பாப்பா, பழைய இழுப்புதான். எதுக்கு இதெல்லாம் வாங்கிட்டு வார?"

தொழிற்சாலையால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பள்ளியில் பெருக்குகிற தூசியாக இருக்கலாம், வயதாக இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்வதற்கு இருந்த ஒரு வழியை நான்தான் அடைத்தேன் என்பது மட்டும் தெரியும். சொல்லிவிடவேண்டும் என்றுதான் போயிருந்தேன். அதற்குள் பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் அக்கா என்னைக் காட்டி, "நம்ம தோட்டத்துப் பாப்பா. எங்க எல்லாருக்கும் இதுதான் பாரம் எழுதிக் குடுக்கும்" என்றார். ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இந்த வருடம் அதே தொழிற்சாலை இரண்டாவது உலைக்கு விண்ணப்பித்திருக்கிறது. அறிவிப்பைக் கைப்பேசியில் பார்த்தேன். மறுபடியும் அறிக்கை, மறுபடியும் பொதுமக்கள் கருத்து. கருத்துப் பாரத்தை லயத்து வீடுகளுக்குக் கணக்காக அச்செடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறினேன். வழியெல்லாம் சொல்லவேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். முதல் வீட்டில் நிற்கவில்லை. நேராகக் கடைசி வீட்டுக்குப் போனேன்.

வாசலுக்கு வெளியே கொடியில் ஒரு துணிகூட இல்லை. எல்லாம் உள்ளே, அறைக்குக் குறுக்கே கயிறு கட்டிக் காய்ந்துகொண்டிருந்தன. அக்கா மைலோ கலக்கப் போனார். வேண்டாம் என்று கையைப் பிடித்து உட்காரவைத்தேன். மைலோ குடித்தால் சொல்லமாட்டேன் என்று பயம்.

"அக்கா, போன வாட்டி நீங்க வேணாம்னு சொன்னீங்க. நான்தான் உங்களப் பயமுறுத்தி வேற மாதிரிப் போட்டுட்டேன். வீட்டு மனு போயிரும்னு சொன்னது நானா சொன்னது. யாரும் சொல்லல. பொகைவீட்டப் பத்தியும் எழுதல. இல்லைன்னு எழுதிட்டேன்."

அழக்கூடாது என்று நினைத்திருந்தேன். அழுதேன்.

"தெரியும்லா" என்றார் அக்கா.

"என்னக்கா தெரியும்?"

"நீ நடுவுல டிக் போட்டத நான் பாத்தேன். அத்தன வருசமா மலாய் ஸ்கூல்ல கூட்டுறேன், தெனமும் போர்டு பாக்குறேன். எனக்கு அது கூடவா படிக்கத் தெரியாது?"

"அப்ப ஏன்கா கையெழுத்துப் போட்டீங்க?"

"கிளினிக் மூடி, வேலையில்லாம இருந்து, இப்பத்தான் இது கெடச்சிச்சுன்னு நீதானே சொன்ன. ஒன் பெரிய மனுசன் வேற காமராவோட வெளிய நின்னாரு. அவரு முன்னால நான் முடியாதுன்னு நின்னா ஒனக்கு என்ன ஆவும்? சரி, பாப்பா வேலை நெலைக்கட்டும்னு போட்டேன்."

இத்தனை வருடமாக நான் அவருக்கு என்ன செய்துவிட்டேன் என்றுதான் மருகிக்கொண்டிருந்தேன். அவர் எனக்காக என்ன செய்தார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அந்த வேலை மொத்தம் இரண்டே வாரம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அக்கா பம்பை எடுத்து இரண்டு தடவை அடித்துக்கொண்டார். மூச்சு சீராகும்வரை காத்திருந்தார். பிறகு என் மடியிலிருந்த பாரங்களைப் பார்த்தார்.

"இது எந்தக் கம்பெனி வேலை?"

"எந்தக் கம்பெனியும் இல்லக்கா. நானாத்தான் வந்தேன்."

"அப்ப எழுது."

சொல்லச் சொல்ல எழுதினேன். புகைவீடு இருந்த இடம், காலைக் காற்று வரும் பக்கம், வீட்டுக்குள்ளே காயும் துணி, ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள். கொடுத்திருந்த வரிகள் போதவில்லை. பின்பக்கமும் எழுதினேன். எழுதி முடித்ததும் கை தானாகப் பென்சிலை எடுத்து, கையெழுத்துக்கான இடத்தில் பெருக்கல் குறி போடப் போனது.

அக்கா தாளின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினார்.

"இரு பாப்பா. மொதல்ல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டு."

முதல் வரியிலிருந்து படித்தேன்.